அல்லியைச் சிரிக்க வைத்தவர்

மனிதர்களில் இப்படியும் ஓரினம் உண்டு. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உங்கள் வசனத்தைத் தாமே சொல்லி, அதற்குத் தமது பதிலையும் சொல்லி, அந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் நெகிழ்ந்துபோனதாகவும் தீர்மானித்துக்கொண்டு, அருமையான உரையாடல் ஒன்று நடந்து முடிந்த திருப்தியோடு எழுந்துபோகிறவர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்திருப்பீர்கள். கலியாணப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனம் நன்றாகக் கொழுத்துத் திரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டுக்கதை எழுதும் குழுக்களுக்குத்தான் போகவேண்டும்.

கூட்டுக்கதை என்பது வேறொன்றுமில்லை. நாலைந்து பேர் கைபேசியில் ஒரு குழுவைத் தொடங்கி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டு எழுதிக்கொண்டே போவது. அவரவர் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்பதை அவரவர்தான் எழுதவேண்டும். அவ்வளவுதான் விதி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். குருக்கள்மடத்து விஜிதரனுக்கும் விளங்கியிருந்தது. இன்னும் சொல்லப்போனால், 'ஏழுதுறை நாடு' என்ற குழுவில் அந்த விதியை எழுதிப்போட்டவரே அவர்தான். 'மற்றவர் பாத்திரத்தைத் தொடாதீர்கள்!!!' மூன்று ஆச்சரியக்குறிகளும் அவர் போட்டவைதான்.

விஜிதரன் களுவாஞ்சிகுடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். வயது முப்பத்தாறு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைக்கு வருகிறவரைக் கதிரையில் இருத்தி, சுவரிலுள்ள எழுத்து அட்டையைக் காட்டி, "மேல் வரி தெரியுதா? தெரியும். அதுக்குக் கீழ? அது கொஞ்சம் மங்கல்தான், என்ன?" என்று இரண்டு பேருக்குமாகப் பேசிக் கண்ணாடி கொடுத்துவிடுவார். வீட்டில் மனைவி யசோதினி சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றால், "நீ இப்ப கோவமா இருக்கா. நான் பிந்தி வந்ததுக்குத்தானே?" என்பார்.

"இல்ல. பசியா இருக்கன். தள்ளி இருங்க."

இவருடைய பாத்திரம் தளபதி வேங்கையன். ஏழுதுறை நாட்டில் இரண்டு வருடமாக நடந்த பதினொரு போரிலும் தளபதிக்கு ஒரு கீறல் விழவில்லை. அம்பு வந்தால் குனிவான். விஷம் வைத்தால் மணத்தைக்கொண்டு கண்டுபிடிப்பான். மண்டூரில் இருந்து எழுதும் தனுஷியா விவசாயம் படித்துப் பட்டம் பெற்று, அரச வேலை வரும்வரைக்கும் ஏழுதுறை நாட்டில் மருத்துவச்சி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், எட்டு மாதமாக மூலிகைகளை அரைத்துச் சட்டியில் வைத்துக்கொண்டு ஒரு காயத்துக்காகக் காத்திருந்தாள். ஏறாவூர்க்காரன் நௌஷாட் டோஹாவில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். அவனுடைய பாத்திரம் ஒரு கள்ளன். அந்தக் கள்ளன் எதைத் திருடப் போனாலும் தளபதி முன்கூட்டியே அங்கே வந்து நிற்பான். "மச்சான், ஒரு கோழியக் களவெடுக்கவாச்சும் விடுங்களன்" என்று நௌஷாட் கெஞ்சியும் நடக்கவில்லை.

நாலாவது ஆள் ஸுஹைனா. ஓட்டமாவடியில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுடைய பாத்திரம் தோணிக்காரி அல்லி. ஏழு துறைகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவள், அதிகம் பேசாதவள். குழுவில் உண்மையாக எழுதத் தெரிந்தவள் ஸுஹைனாதான் என்பது எல்லோருக்கும் தெரியும். விஜிதரனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் எழுதுவதை வாசிப்பதற்காகவே அவர் காலையில் கடை திறந்ததும் கைபேசியை எடுப்பார். வாசிப்பார், வியப்பார், உடனே தளபதியைக் குதிரையில் ஏற்றி அந்தக் காட்சிக்குள் அனுப்பிவிடுவார்.

ஒரு முறை ஸுஹைனா இரண்டு கிழமையாக எதுவும் எழுதவில்லை. இந்த இனத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. முதல் நாள் விஜிதரன் ஒரு கேள்விக்குறி அனுப்பினார். மறுநாள் இரண்டு. பிறகு, 'தங்கச்சி, தளபதி துறையில் நிற்கிறான்'. பிறகு, 'இன்னும் நிற்கிறான்'. பிறகு, 'எழுத விருப்பமில்லை என்றால் சொல்லலாம்'. பிறகு மறுபடி கேள்விக்குறிகள்.

பதினைந்தாம் நாள் முற்பகலில் அவளுடைய பகுதி வந்தது. அல்லியின் தகப்பன் இறந்துவிடுகிறார். அவர்தான் அவளுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தவர். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அல்லி தோணியை எடுத்துக்கொண்டு நடு வாவிக்குப் போகிறாள். 'அப்பன் இருக்கும் பலகையில் அவள் இருக்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காற்று கொண்டுபோன பக்கம் போனாள்' என்று முடித்திருந்தாள். அழுதாள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனாலும் விஜிதரன் கண்ணாடி துடைக்கும் துணியால் தம் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடுவாரா?

தளபதி முழுக் கவசத்தோடு வாவிக்குள் பாய்ந்தான். நீந்தித் தோணியை எட்டிப் பிடித்து ஏறினான். வாழ்வின் நிலையாமை பற்றி இருபது வரி பேசினான். அதற்குப் பிறகு விஜிதரன் எழுதினார்: 'அல்லி கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். அவன் சொல்வது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. மெல்லச் சிரித்தாள்.'

மூன்று வரி. மூன்றும் அவருடையவை அல்ல.

ஐந்து நிமிடத்தில் ஸுஹைனாவின் செய்தி வந்தது. "அல்லி சிரிக்கல்ல."

"கதை நகரணுமே தங்கச்சி" என்று எழுதினார் விஜிதரன். "அவ இப்பிடியே இருந்தா வாசிக்கிறவனுக்கு அலுப்படிக்கும்."

"ஆரு வாசிக்கிற? நாங்க நாலு பேரும்தானே."

"ஆறுதல் சொல்லத்தானே தளபதி வந்த. அதில என்ன பிழை?"

"தளபதி வரட்டும். இருபது வரி இல்ல, இருநூறு வரி பேசட்டும். அதக் கேட்டு அவ சிரிச்சாளா இல்லியா எண்டு நான்தான் சொல்லணும். என்ட ஆள நீங்க ஏன் அண்ணா சிரிக்க வச்ச?"

விஜிதரன் விதியை மறந்தவர் இல்லை. விதிக்கு விளக்கம் எழுதத் தொடங்கினார். தொடுவது வேறு, தேற்றுவது வேறு என்று நாலு பந்தி. எழுதி முடித்து அனுப்பியபோது திரையில் ஒரு வரி கிடந்தது. 'ஸுஹைனா வெளியேறினார்.'

பிறகு நடந்ததைச் சொல்லவேண்டும். தோணிக்காரி போய்விட்டதால் ஏழுதுறை நாட்டில் ஒருவராலும் அக்கரைக்குப் போக முடியவில்லை. கள்ளன் ஒரு கரையில், மருத்துவச்சி மறு கரையில். தளபதி மட்டும் கவசத்தோடு இரண்டு பக்கமும் நீந்திக்கொண்டிருந்தான். ஒரு கிழமை பொறுத்த விஜிதரன், தாமே அல்லியையும் எழுதிப் பார்த்தார். அவர் எழுதிய அல்லி, "அப்படியே ஆகட்டும் தளபதி" என்றாள். இன்னொரு முறை கேட்டாலும், "அப்படியே ஆகட்டும் தளபதி" என்றாள். தனுஷியா மூலிகைச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டதாக ஒரே வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிட்டாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பகல், ஜும்மா முடிந்த கையோடு டோஹாவிலிருந்து நௌஷாட் அழைத்தான்.

"விஜி மச்சான், ஸுஹைனாட விஷயம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அவ என்னில கோவம். நான் சொன்ன ஆறுதல்—"

"ஒரு நிமிஷம் என்னப் பேச விடுங்க. அவட வாப்பா மவுத்தாகிட்டார். என்ட மூத்த ராத்தா ஓட்டமாவடியிலதானே கலியாணம் முடிச்ச, அவதான் இண்டைக்குச் சொன்ன. ஒரு மாசமாகப் போகுதாம்."

விஜிதரன் கைபேசியில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டு போனார். ஒரு மாதம் என்றால் எந்த நாள்? அந்த நாளில் அவர் அனுப்பிய கேள்விக்குறி அங்கே இருந்தது. அதற்கு மறுநாளைய இரண்டும் இருந்தன. 'தளபதி துறையில் நிற்கிறான்' இருந்தது. அதற்கும் கீழே அல்லியின் தகப்பன். கண்ணாடி வாங்க வந்திருந்த ஒருவர், "தம்பி, கீழ் வரி எனக்குத் தெரியல்ல" என்றார். அன்று முதல் தடவையாக விஜிதரன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏழு பந்தி. யசோதினி வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்து மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

"இதில மன்னிப்பு எங்க இருக்கு?"

"அஞ்சாம் பந்தியில."

"கடைசியில, 'நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டாய் என்று எனக்குத் தெரியும்' எண்டு போட்டிருக்கீங்க. அவ என்ன சொல்லப்போறா எண்டதையும் நீங்களே எழுதிட்டீங்களா?"

விஜிதரன் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"இஞ்சாருங்க, நான் சொல்லுறதக் கேளுங்க" என்றாள் யசோதினி. "செத்த வீட்டுக்குக் கடிதமா போடுற? ஞாயிற்றுக்கிழமை போவம். நானும் வாறன்."

இரண்டு வருடமாகத் தினமும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் முகம் பார்த்தது அன்றுதான். ஓட்டமாவடியில் பேருந்தை விட்டு இறங்கி, பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் சைக்கிள் திருத்துகிற சின்னக் கொட்டில், கதவு சாத்தியிருந்தது. ஸுஹைனாவின் தம்பி ஸாஹிர் வந்து கதிரை போட்டான். தாய் கைறுன்னிஸா, கணவன் இறந்தபின் பிற ஆண்கள் முன் வராதிருக்கும் இத்தாவில் இருந்ததால் யசோதினி மட்டும் உள்ளறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். கொண்டுபோன பிஸ்கட் பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விஜிதரன் மடியிலேயே வைத்திருந்தார்.

ஸுஹைனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். விஜிதரன் மனதில் எழுதி வைத்திருந்ததைவிட அவள் சின்னவளாக இருந்தாள்.

"மன்னிச்சிக்கொள்ளு தங்கச்சி" என்றார். வேறு ஏதோ தொடர்ந்து வந்தது. யசோதினி அவரைப் பார்த்தாள். அதை விழுங்கிக்கொண்டார்.

பிறகு ஸுஹைனா தானாகவே பேசினாள்.

"வாப்பா மவுத்தான அண்டு நான் அழல்ல அண்ணா. உம்மாவப் பாக்கணும், வந்த ஆக்களப் பாக்கணும், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தணும். நேரம் இல்ல. பிறகும் வரல்ல. அல்லிக்கு வரும் எண்டு நினைச்சித்தான் அத எழுதின. அவள நடு வாவியில விட்டுட்டு அடுத்த நாளைக்கு அழவைப்பம் எண்டு இருந்தன்."

'அதற்குள் நான் சிரிக்க வைத்துவிட்டேன்' என்ற வசனம் விஜிதரனின் நாக்கில் வந்து நின்றது. உருக்கமான வசனம். அதற்குப் பின்னால் இன்னொன்று, தம்முடைய தகப்பன் இறந்ததைப் பற்றி. அதற்கும் பின்னால் மூன்றாவதாக, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்கிற ஒன்று. மூன்றையும் தேத்தண்ணியோடு சேர்த்துக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது. பிஸ்கட் பெட்டியின் மூலையை விரலால் நசுக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய வாழ்க்கையில் அப்படியொரு பாரத்தை அவர் தூக்கியதில்லை.

"என்ன அண்ணா, ஒண்டும் சொல்லல்லியே?"

"நீ சொல்லு" என்றார்.

சொன்னாள். வாப்பா சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாக, சத்தமாக. ஸாஹிர் எழுந்து வாசலுக்குப் போனான். உள்ளறையிலிருந்து தாயின் குரலும் சேர்ந்தது. யசோதினி போய் ஸுஹைனாவின் பக்கத்தில் இருந்தாள். விஜிதரன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸுஹைனா கேட்டாள், "அண்ணா, ஒண்டு கேக்கட்டா? இரும்புக் கவசத்தோட எப்பிடி நீந்தின?"

விஜிதரன் யோசித்தார். "அது... எனக்கும் தெரியாது."

அவள் சிரித்தாள். மூக்கு அடைத்தபடி, சிரித்தாள். யாரும் எழுதிக்கொடுக்காத சிரிப்பு.

மறு கிழமை ஸுஹைனா குழுவுக்குத் திரும்பிவந்தாள். தளபதியின் அந்த மூன்று வரியும் அடித்துவிடப்பட்டு, அல்லி நடு வாவியில் அழவேண்டியதை அழுது முடிக்கும்வரை ஏழு துறையிலும் எல்லோரும் காத்திருந்தார்கள். அதன் பிறகு நடந்த போரில் தளபதிக்கு ஓர் அம்பு பட்டது. முதலில் இடது சுண்டுவிரலில்தான் பட்டது. நௌஷாட் சிரித்த சிரிப்பில் அது தோளுக்கு ஏறியது. தனுஷியா இரண்டாயிரம் சொல்லில் வைத்தியம் எழுதினாள். அந்த மனிதனைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, அட்டை விட்டு, வேப்பெண்ணெய் பருக்கி, எட்டு மாத மூலிகையையும் தீர்த்துவிட்டாள். தளபதி கட்டிலில் கிடந்த நேரத்தில் கள்ளன் முதன்முதலாக ஒரு கோழியைக் களவெடுத்தான்.

விஜிதரன் திருந்திவிட்டாரா என்றால், கடையில் கேட்டுப் பாருங்கள். கீழ் வரியைச் சில நாட்களில் இன்னும் அவரேதான் வாசிக்கிறார்.

அவரை விடுங்கள். உங்களை ஒன்று கேட்கவேண்டும். ஓட்டமாவடி வீட்டில் அந்த மனிதர் வாயடைத்து இருந்த நேரத்தில், 'இந்த இடத்தில் இவர் இப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று ஒரு நல்ல வசனம் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம். எழுதிக்கொண்டிருந்த எனக்கே நாலு தோன்றின. எல்லாம் நல்ல வசனங்கள். கொஞ்சம் இருங்கள், சொல்கிறேன்.