பந்திக்கு வந்த விசில் டீச்சர்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே எந்த டவுன் பஸ்ஸையும், எந்த எருமை மாட்டையும், எந்தச் சம்பந்தியையும் நின்ற இடத்திலேயே நிற்கவைக்கும் வல்லமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் விசில் டீச்சர். பாபநாசத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இல்லீங்களே" என்று கையை விரிப்பார்கள். விசில் டீச்சர் என்று கேட்டால் போதும், பூக்கடைக்காரம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்.

நானும் அவரும் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ் வாத்தியார். அவர் உடற்பயிற்சி ஆசிரியை, பெண்கள் கபடி அணிக்குக் கோச். நெடுநெடுவென்று உயரம், பருத்திப் புடவை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தாலிக்கொடியோடு போட்டி போடும் ஒரு விசில். ஸ்டாஃப் ரூமில் அவர் ரகசியம் பேசினால் எதிர்த்த டீக்கடையிலிருந்து பதில் வரும்.

அவர் வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். பரம சாது. ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு கரண்டி ரசத்துக்காக அந்த மனிதர் கையைத் தூக்கியதை என் கண்ணால் பார்த்தேன். "ம், சொல்லுங்க" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் கையை இறக்கினார்.

இப்படிப்பட்டவரைப் பள்ளிக்கூடம் இழந்தது ஒரு கொட்டகையால். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்துவிட்டது என்று எங்கள் கரஸ்பாண்டன்ட் ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டார்.

"வெளையாட்டு பீரியட எல்லாம் கணக்குக்குக் குடுத்துடுங்க மேடம்."

"குடுத்துட்டு நான் என்ன சார் பண்றது?"

"நீங்க ஏழாங்கிளாசுக்கு சோஷியல் எடுங்க."

எடுத்தார். பானிபட் போரை வகுப்பறையில் கோடு கிழித்து நடத்தினார். பாபர் ரெய்டு போனார், லோடி பிடிக்கப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அரையாண்டுத் தேர்வில் ஒரு பெண், "இப்ராஹிம் லோடி கோட்டுக்கு வெளியே கால் வைத்ததால் அவுட் ஆனார்" என்று எழுதிவைத்தது. டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டார். "அவுட் ஆனது உண்மைதானே சார்?" என்று என்னிடம் கேட்டார்.

அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் கோடை விடுமுறை முடிந்து வந்தபோது கபடி மைதானத்தின் மேல் பள்ளி வேன்கள் நிற்பதற்குத் தகரக் கொட்டகை எழும்பியிருந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் டீச்சர் மேடையேறினார்.

"ஸ்கூல், அட்டென்ஷன்!"

விறைத்தோம். நானும் விறைத்தேன்.

"கிரவுண்டு இல்லாத ஸ்கூல்ல எனக்கு வேலை இல்ல. நாளையிலேர்ந்து நான் வர மாட்டேன். எல்லாரும் நல்லாப் படிங்க. நல்லா ஓடுங்க. ஸ்கூல், டிஸ்பர்ஸ்!"

சொல்லிவிட்டு நேராக கேட்டைப் பார்த்து நடந்தார். டிஸ்பர்ஸ் என்றால் கலைய வேண்டும் என்றுதான் அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மொத்தப் பள்ளியும் கலைந்து அவர் பின்னாலேயே கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில்வே கேட்வரை ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் திருப்பி ஓட்டிவந்தார்.

வேலையை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அடுத்த வேலைதான் சிரமமாகிவிட்டது. அந்த வருஷம் பார்த்து அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிரெல்லாம் சாய்ந்துவிட்டது. அவர் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சும்மா இருக்க முடியாது.

முதலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். முதல் ஆளாக என் வீட்டுக்குத்தான் வந்தார். பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். நான் முழங்காலோடு நின்றுவிட்டேன்.

"உங்களுக்குப் பாலிசி வேணாம் சார். வாக்கிங்தான் வேணும். நாளைக்குக் காலைல வாசல்ல நில்லுங்க."

நின்றேன். என்னைப் போலவே தெருவில் பலபேர் நின்றார்கள். குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்களை விரட்டி விரட்டி நடக்கவிட்டார். என் தொப்பை கரைந்தது. ஜவுளிக்கடைக்காரரின் மூச்சிரைப்பு நின்றது. பாலிசி மட்டும் ஒன்றுகூட நகரவில்லை. கிளை மேனேஜர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாராம். "மேடம், எல்லாரையும் இப்படி ஆரோக்கியமா ஆக்கிட்டா, பயந்து பாலிசி எடுக்க யாரு வருவாங்க?"

அடுத்தது கும்பகோணத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை. அங்கே சூப்பர்வைசர். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள், கடைக்காரர்களுக்கும் அதுதான் வேண்டும். ஒரு பெரிய குடும்பம் புடவை மலைக்கு நடுவே குழம்பிக்கொண்டிருந்தது. டீச்சர் போய் நின்றார்.

"கல்யாணம் யாருக்கு?"

ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"உனக்கு எதும்மா புடிச்சிருக்கு?"

அரக்குப் புடவையைத் தொட்டுக் காட்டினாள்.

"முடிஞ்சுது. மத்த எல்லாரும் எந்திரிங்க. கட்டியிருக்குற புடவையே உங்களுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

குடும்பம் எழுந்து வரிசையாகப் படியிறங்கிப் போய்விட்டது. அந்தப் பெண் மட்டும் போகும்போது திரும்பி ஓடிவந்து டீச்சர் கையைப் பிடித்துவிட்டுப் போனாளாம். அன்று மாலையே டீச்சரும் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். குரலும் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது.

"எல்லா வேலையும் கத்துக்கலாம்னு நெனச்சேன் சார். முடியல. எனக்கு அதட்ட மட்டும்தான் தெரியும் போலருக்கு. அதட்டறதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "நிமிந்து நில்லுங்க சார், கூன் விழுது" என்றார். சரி, ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தெம்பு வந்தது.

அதட்டுவதற்கும் சம்பளம் கொடுக்க ஒரு ஆள் இருந்தார். அரிசி மில்காரர் ஒருவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே கல்யாணக்கூடம். பார்த்துக்கொள்ள மேனேஜர் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து ஓடிப்போனார்கள். டீச்சருக்குக் கூட்டம் என்றால் தண்ணீரைக் கண்ட நாற்று மாதிரி.

கல்யாணப் பந்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சாம்பார் சாதத்தில் இருக்கும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்று, அவர் மோருக்கு எப்போது போவார் என்று பிடரியில் மூச்சு விடுவார். டீச்சர் முதல் நாளே அதை ஒழித்தார். காத்திருப்பவர்களுக்குத் தாழ்வாரத்தில் நாற்காலி. பந்தி முடிந்தால் ஒரு விசில். இலை போட்டதும் இரண்டு விசில். காலி நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களின் கைக்குட்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார்.

"அது எங்க சித்தப்பாவுக்குங்க."

"கர்ச்சீப் சாப்புடாது. சித்தப்பா வரட்டும், நானே உக்கார வைக்கிறேன்."

முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டவர்களின் முகத்தையும் நான் பார்த்தேன். என் மகள் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தையே பிடித்தேன்.

ஐப்பசி முகூர்த்தம். விடிந்ததிலிருந்து மழை கொட்டுகிறது. மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் முதல் நாளே வந்துவிட்டார்கள். மற்ற சொந்தக்காரர்கள் கீழ்வேளூரிலிருந்து காலையில் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வழியில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியதால் பஸ் நகரவில்லை. இங்கே வந்திருந்தவர்களுக்குக் காலை டிபன் முதல் பந்தி போட்டு முடித்துவிட்டோம். சொட்டச் சொட்ட நனைந்து, பசியோடு அவர்கள் மேலே கல்யாணக்கூடத்துக்குள் நுழைந்த நேரம், எங்கள் பக்கத்து ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு படியேறி வந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நல்ல மீசை. அது துடித்தது.

"மாப்ள வீட்டு ஆளுங்க ரோட்ல தண்ணியில நிக்கிறோம், இங்க உக்காந்து கேசரி திங்கிறாங்களா? மரியாத தெரியாத எடத்துல சம்பந்தமா? பையன எழுப்புங்கய்யா! வண்டிய எடு!"

மணையில் இருந்த மாப்பிள்ளை பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார். மகள் என்னைப் பார்த்தாள். என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கைகூப்பினேன், பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து சமையல்காரர் ஓடிவந்தார்.

"சார், வாய்க்கா பொங்கி அடுப்படிக்குள்ள தண்ணி வந்துடுச்சு! சாப்புடுற எடத்துலயும் கணுக்கால் அளவு நிக்குது!"

அப்போது கேட்டது அந்த விசில்.

மண்டபம் உறைந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்தியது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இடுப்போடு சேர்த்துப் பிடித்து விறைப்பாக நின்றார். பெரியப்பா வாசலைக் காட்டி நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"நீங்கதான் மாப்ள வீட்டுப் பெரியவரா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நல்ல குரலுங்க உங்களுக்கு. கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேக்குது. கீழ தண்ணி வந்துடுச்சு, சாப்பாட்டயெல்லாம் மேல ஏத்தணும். எனக்கு ஒரு கேப்டன் வேணும். நீங்க சொன்னாத்தான் ஆளுங்க கேப்பாங்க."

பெரியப்பா நீட்டியிருந்த விரலைப் பார்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மெதுவாக மடக்கினார்.

"நான் எப்படிங்க..."

"மொதல்ல உங்க ஆளுங்க எல்லாரும் இங்கயே தட்டுல இட்லி சாப்புடுங்க. பசிச்ச வயித்தோட யாரையும் நான் எறக்க மாட்டேன். கெட்டிமேளம் கொட்டினதும் படிக்கட்டுல நிக்க வைங்க. பொண்ணு வீட்டு ஆளு ஒண்ணு, மாப்ள வீட்டு ஆளு ஒண்ணு, மாத்தி மாத்தி. அண்டா கைமாறி மேல வரணும்."

கீழே முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே தண்ணீரில் இறங்கி, அடுப்புகளை மேடைமேல் ஏற்றிச் சமையலைத் தொடரவைத்தார். மேலே நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது. அட்சதை போட்ட கையோடு பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் நின்றார்.

"ஏய், தம்பி, பருப்பு அண்டா, பாத்து! பொண்ணு வீட்டு அண்ணன், கைய குடுங்க! பாயசம் வருது, யாரும் பேசாதீங்க!"

அவரிடம் நான் போய், "நானும் புடிக்கிறேங்க" என்றேன். டீச்சர் குறுக்கே வந்து, "உங்க கை நடுங்குது சார். நீங்க அப்பளம் மட்டும் தூக்குங்க" என்றார். பெண்ணைப் பெற்றவன் அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

மேலே ஜமக்காளத்தில் இலை போட்டு இரண்டு வீட்டாரும் கலந்து உட்கார்ந்தோம். பெரியப்பா எனக்குப் பக்கத்தில். "அந்தம்மா ஊதினதும் எங்க டிரில் மாஸ்டர் ஞாபகம் வந்துடுச்சுங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, என் இலையில் இருந்த வடையைத் தன்னுடையதாக நினைத்துச் சாப்பிட்டார். அதைவிட நெருக்கமான சம்பந்தம் வேறென்ன வேண்டும்!

அப்போதுதான் மில்காரர் வந்தார். மணமேடைக்கு முன்னால், புது ஜமக்காளத்தில், சாம்பார் ஆறாக ஓடுவதைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? கல்யாணக்கூடத்துல பந்தியா? போதும், நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

டீச்சர் முகம் ஒரு கணம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பார்த்த முகமானது. உடனே நிமிர்ந்துகொண்டார்.

"நாளைக்குத்தானங்க? இன்னிக்கு இன்னும் ஒரு பந்தி பாக்கி. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, ரசம் வருது."

பெரியப்பா கையில் சோற்றோடு எழுந்துவிட்டார்.

"யாருங்க இந்தம்மாவ வேணாங்கறது? தையில எம்பொண்ணு கல்யாணம். இந்த மண்டபத்துலதான் வைக்கப்போறேன். இந்தம்மா இருந்தா மட்டும்!"

"எங்க வீட்டு வளைகாப்பும் இங்கதான்" என்றது ஒரு குரல். "எங்களுக்கும்" என்றது இன்னொன்று. மில்காரர் பந்தியை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அத்தனை பேர் சிரித்துக்கொண்டு சாப்பிடும் கல்யாணத்தை அவர் மண்டபம் அதுவரை கண்டதில்லை. பிறகு செருப்பை ஓரமாகக் கழற்றினார்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க மேடம்."

"லைன்ல வாங்க" என்றார் டீச்சர்.

எல்லோரும் போன பிறகு, கோபக்காரரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "கோவக்காரப் புள்ளைய வெளிய உக்கார வெச்சா டீம் ஒடஞ்சிடும் சார். கேப்டனாக்கிடணும்" என்றார். ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, சாதாரணமாக.

இன்றும் அந்த மண்டபம் அவர் கையில்தான். எனக்கு வயதாகிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் போனில் மரியாதையாகப் பேசுகிறார்கள். டாக்டர் மெதுவாகப் பேசுகிறார். ஊரில் ஏதாவது கல்யாணத்துக்குப் போனால் டீச்சர் மட்டும் தூரத்திலிருந்தே, "சட்டைப் பட்டன ஒழுங்காப் போடுங்க சார்! ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீங்க? உங்களுக்குப் பாயசம் கெடையாது, சுகர்!" என்று கூடமே திரும்பிப் பார்க்க அதட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து அவரே அரை டம்ளர் பாயசத்தைக் கொண்டுவந்து இலையோரம் வைத்து, "இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்பார்.

கேட்கமாட்டேன். அந்த அரை டம்ளரை மட்டும் ரொம்ப நேரம் குடிப்பேன்.