புராசசருக்குப் புகுந்த வீடு பார்த்தவர்

விற்ற பொருளை நினைத்து அழுத வியாபாரி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவர் கடைப் பலகைக்கே தெரியாது. தன்னிடம் வாங்கியவர்களை எல்லாம் அவர் 'சம்பந்தி' என்று கூப்பிட்டார். ஊர் அவரையே சம்பந்தி ஆக்கிவிட்டது.

நான் அரியலூரில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன். அப்போது என்னிடம் இருந்தது கம்ப்யூட்டர் இல்லை, கிழட்டு எருமை. தாலி கட்டுகிற காட்சியைக் கொடுத்தால், அது முடித்துத் தருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும். "பெரம்பலூர்ல ஒருத்தர் சோதிச்ச புராசசர் விக்கிறாரு, போய்ப் பாருங்க" என்று போட்டோகிராபர் ஒருவர் வழி சொன்னார்.

விஷயம் இவ்வளவுதான். புராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. ஒரே பெயரில் ஒரே டப்பாவில் வந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒரே கொல்லையில் பறித்த சின்ன வெங்காயத்தையே நம் ஊரில் தரம் பிரித்துத்தானே மூட்டை கட்டுகிறார்கள்? சில புராசசர்கள் டப்பாவில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் விரட்டினாலும் சளைக்காமல் ஓடும். பல, சூடேறிப் படுத்துவிடும். பார்த்தால் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும். சம்பந்தி மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றையும் விரட்டிப் பார்த்து, ஓடுவதைப் பொறுக்கிக் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்.

விரட்டுகிற இடம் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அதுவும் சித்திரை வெயிலில். "ஏசியில ஓடுறது ஒரு ஓட்டமா? பெரம்பலூர் வெயில்ல ஓடணுங்க" என்பார். அங்கே உட்கார்ந்து சோதித்தது அவருடைய ஒரே மகள் கயல். அவளுக்கு இடது காது கேட்காது. வலது பக்கமாக நின்றுதான் பேச வேண்டும். அந்த வலது காதை மெஷின் பக்கம் சாய்த்து விசிறிச் சத்தத்தைக் கேட்டு, "இது தாங்காதுப்பா" என்பாள். தாங்காத புராசசரைச் சம்பந்தி துடைத்து, டப்பாவில் வைத்து, சாதாரண விலை போட்டுவிடுவார். "இதுவும் நல்ல புள்ளதான். இதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அதுக்கு மேல கேக்கப்படாது."

நான் போய் நின்ற அன்று அவர் விலையே சொல்லவில்லை.

"எந்த ஊரு?"

"அரியலூர்ங்க."

"தூசியாச்சே."

"சிமெண்டு லாரி போவுது. அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"வூடு ரோட்டு மேலயா, உள்ள தள்ளியா?"

"உள்ளதாங்க. நான் புராசசர்தான கேட்டேன்?"

"வூட்டப் பாக்காம எப்படிங்க குடுக்குறது? வியாழக்கெழம வரோம்."

சாமான் வாங்கப் போனவன், தேதி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வியாழக்கிழமை ராகு காலம் கழித்து வந்தார்கள். கல்லங்குறிச்சி பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் நாமத்தோடு சம்பந்தி. கையில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு கயல். என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "யாரு இவங்க? நம்ம பையன் ரெண்டாவதுதான படிக்கிறான்?" என்றாள்.

சம்பந்தி பீரோவின் மேல் விரலை ஓட்டி, சாம்பல் பூத்த விரலைக் கயலிடம் காட்டினார். ஜன்னல் எந்தத் திசை, கரண்ட் எப்போது போகும், மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழும் என்று விசாரித்தார். எனக்குக் கல்யாணம் பேசும்போது என் மாமனார்கூட இவ்வளவு கேட்கவில்லை. அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போய்விட்டார்.

"ஆளு எப்படிங்க? கோவக்காரரா? கை நீட்டுற பழக்கம் உண்டா?"

வாத்தியார் பொய் சொல்லத் தெரியாத பாவி. "மனுசங்கள இல்லீங்க. கம்ப்யூட்டரத்தான் ஓங்கி ஓங்கித் தட்டுவாரு. எங்க வூட்டுக்கே கேக்கும்."

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. போட்ட காபியைச் சம்பந்தி தொடவில்லை. என் மனைவி சமாதானத்துக்கு, "அது ஓடாததனாலதாங்க தட்டுனாரு. ஒழுங்கா ஓடுனா ஏன் தட்டப் போறாரு?" என்றாள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று எழுந்தார்.

காப்பாற்றியது கயல்தான். அதற்குள் என் கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கழற்றிப் பார்த்திருந்தாள். "உள்ள சுத்தமாத்தாம்ப்பா வச்சிருக்காரு. குடுக்கலாம்."

இனிமேல் கை வைப்பதில்லை என்று நான் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் டப்பா வெளியே வந்தது. கொடுக்கும்போது அவர் கண் கலங்கியதை என் மனைவியும் பார்த்தாள். "இனிமே நீங்க நம்ம சம்பந்தி. மொற தவறப்படாது. நான் செத்தா கோடி எடுத்துட்டு வரணும்" என்றார். செத்தவருக்குச் சம்பந்தி வீட்டார் புது வேட்டி கொண்டுவந்து போர்த்துகிற கோடி. புராசசர் வாங்கியதற்கு இப்படி ஒரு வாரண்டி நிபந்தனையா என்று பஸ் ஏற்றிவிட்டு வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

புராசசர் பறந்தது. நன்றி சொல்ல ஒருநாள் கடைக்குப் போனேன். சம்பந்தி அப்போதுதான் குன்னத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அங்கே ஒருவர் விசிறி நின்றுபோன மெஷினிலேயே இவர் கொடுத்த புராசசரை ஓட்டுகிறார் என்று யாரோ சொல்ல, போய், கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டைப் பையில் இருந்து கர்சீப் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, "கூட்டியாந்துட்டேன்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"சிரிக்காதீங்க சம்பந்தி. இவளக் குடுக்கையில நான் வூட்டப் பாக்கல. பெரிய எடம்னாங்க, போட்டோவுல பாத்து முடிச்சேன். அழுதுகிட்டு வந்தா. அனுசரிச்சுப் போம்மான்னு நானே பஸ் ஏத்தி வுட்டேன். மறுபடி வந்தா. மறுபடியும் ஏத்தி வுட்டேன். கடசியா வரயில ஒரு காது கேக்கல."

கர்சீப் பொட்டலத்தை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் செத்தா அந்த வூட்டுக் கோடி வராது. வரவும் வேணாம். ஆனா அன்னிக்கு ஊரு முன்னால சம்பந்தி யாருன்னு கேப்பான். எம்பொண்ணுல்ல தலையக் குனிஞ்சு நிக்கணும்? எனக்குச் சாவு பயமில்லீங்க. அந்த ஒண்ணுதான்."

போன ஐப்பசி மழையில், அந்தக் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கடை வாசலில் தார்ப்பாய் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடித்ததும், முறை செய்பவர்களைக் கூப்பிடுகிற பெரியவர், "சம்பந்தி கோடி யாருப்பா? கொண்டாங்க" என்றார். தெரியாமல் கேட்டாரோ, தெரிந்தே கேட்டாரோ. அப்படிப்பட்ட ஆட்கள் எல்லாச் சாவிலும் இருக்கிறார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயல் தலையைக் குனிந்தாள்.

நான் வேட்டியோடு முன்னால் போனேன்.

"நீங்க யாரு?"

"சம்பந்திங்க. அரியலூரு."

"எந்த மொறையில?"

"அவரு வூட்டுப் புள்ள எங்க வூட்டுல இருக்குங்க."

பெரியவர் முழித்தார். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பின்னால் ஒரு குரல். "நானும் சம்பந்திதாங்க, குன்னம். எங்க வூட்ல வாழ வுடாம பாதியில கூட்டிட்டுப் போயிட்டாரு." அவர் கையிலும் வேட்டி. அவருக்குப் பின்னால் காலேஜ் பையன்கள், ஸ்டுடியோக்காரர்கள், மீன்சுருட்டியிலிருந்து நனைந்துகொண்டு வந்த ஒருவர். மாலையை விட வேட்டி அதிகமாக விழுந்தது. உள்ளூர்ப் பணக்காரர் சாவிலும் இத்தனை சம்பந்திகளை அந்தத் தெரு பார்த்திருக்காது. கயல் நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். போனால் முதல் கேள்வி, "அது எப்படிண்ணே இருக்கு?" வலது பக்கம் போய் நின்று சொல்வேன்: "நல்லா இருக்கும்மா. யாரும் கை வைக்கிறதில்ல."

அரியலூரில் தூசி மட்டும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கேபினெட்டைத் திறந்து துடைக்கிறேன், பீரோவின் மேலும் துடைக்கிறேன். எந்த பஸ்ஸில் வந்து இறங்கி விரலை ஓட்டிப் பார்ப்பாரோ என்று அந்தப் பழைய பயம் இன்னும் போகவில்லை. வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.