சம்பந்தி அபொகாதோ

வெள்ளக்கடை, ஏற்காடு

மதிப்பிற்குரிய மச்சான், சேலம் வழக்கறிஞர் காளியண்ணன் அவர்களுக்கு, பொன்னுவேல் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை கௌரியும் நலம். உங்கள் நலத்தையும், மரியாதை கருதி, விரும்புகிறேன். என் தோட்டத்துக்குப் போகும் தடத்துக்கான வழக்கைப் பதினொரு வருடம் வாய்தா வாங்கியே நீங்கள் தோற்றுக் கொடுத்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது. வேறு ஆள் இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன்.

விஷயம் என் மகள் சுதாராணியின் கல்யாணம். ஸ்பெயினில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்வதாகப் போனில் சொன்னாள். வெள்ளைக்காரன் என்பதைக்கூட விட்டுவிட்டு, பையனின் அப்பா என்ன செய்கிறார் என்றுதான் கேட்டேன். "அபொகாதோங்கப்பா" என்றாள். நம் தோட்டத்தில் காப்பிக்கு நடுவே நாற்பது பட்டர் ஃப்ரூட் மரம், அதாவது அவகாடோ, நிற்கிறது, சிக்னலோ விட்டு விட்டு வந்தது, அவகாடோ விவசாயி என்று என் காதில் விழுந்து, மனம் குளிர்ந்து சரி என்றுவிட்டேன். பையனின் அண்ணன் ஃபிஸ்கால் என்றாள், ஃபிசிக்கல் என்று கேட்டு, பி.டி. மாஸ்டர் என்று எடுத்துக்கொண்டேன். தாத்தா ஹுவெஸ் என்றாள், வயசானால் வீசிங் வரத்தான் செய்யும், ஆவி பிடிக்கச் சொல் என்றேன். அம்மா நொத்தாரியா என்றாள், 'திருமதி நொத்தாரியா' என்று பத்திரிகையே அச்சடித்தாகிவிட்டது.

அடுத்த மாதம் வருகிறார்களே, எத்தனை மரம், என்ன உரம் என்று சம்பந்தியின் மொழியிலேயே கேட்போம் என்று போனில் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தேன். பழத்துக்கு அங்கே அகுவகாத்தே என்று பெயராம். அப்படியானால் அபொகாதோ எது என்று தேடி, 'நீதித்துறைத் தொழில்கள்' என்ற பாடத்தைத் திறந்தால், அந்தச் சொல்லுக்கு மேலே கறுப்பு அங்கி போட்ட ஒருவன் சிரிக்கிறான். அபொகாதோ வக்கீல். ஃபிஸ்கால் அரசு வக்கீல். ஹுவெஸ் நீதிபதி. நொத்தாரியா, பத்திரம் முடித்துக்கொடுக்கும் அம்மாள். குடும்பமே ஒரு கோர்ட்டு, பிரதிவாதி நான் ஒருவன்தான்.

மகளைக் கேட்டால், "வக்கீலுன்னு சொல்லியிருந்தா அப்பவே போனை வச்சிருப்பீங்க. நான் பொய் சொல்லலீங்கப்பா, ஸ்பானிஷ்ல சொன்னேன்" என்கிறாள். தோட்டத்தில் வேலை செய்யும் சித்தனிடம் ஆறுதல் தேடினால், "ஏனுங்க, வக்கீலுன்னா பட்டர் ஃப்ரூட் திங்க மாட்டாருங்களா?" என்கிறான். உங்கள் தங்கையோ, "வக்கீலு ஊட்ல பொண்ணெடுத்தப்ப நொம்ப இனிச்சுது, குடுக்கறப்ப மட்டும் கசக்குதுங்களா?" என்று குக்கரை வைக்கப் போய்விட்டாள்.

ஆகவே, இந்தச் சம்பந்தம் தோதுப்படாது என்று அவர்களுக்கு ஆங்கிலத்தில், அந்த நாலு சட்டப் புலிகளும் பதில் சொல்ல முடியாதபடி ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். இதற்காவது வாய்தா வாங்காதீர்கள்.

எங்கள் மலைச்சாமி சேர்வராயன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் கட்சிக்காரர்களுக்கு நிறையப் பொறுமையும் அருளட்டும்.

இப்படிக்கு,
பொன்னுவேல், எம்.ஏ.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் சம்பந்தி வீடியோவில் வந்தார், சுதாராணி மொழிபெயர்த்தாள். பெண்ணின் தாய்மாமன் வக்கீல் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் 'குன்யாதோ'வும் அபொகாதோதான், பதினாலு வருடமாகப் பேச்சில்லை என்றார். குன்யாதோ என்றால் மச்சான். அகராதி தேவைப்படவில்லை, அவர் சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரை இழக்க எனக்கு மனமில்லை. கல்யாணம் உறுதி. கடிதம் எதுவும் எழுத வேண்டாம். தாய்மாமன் சீரோடு முதல் நாளே வந்துவிடுங்கள், அவருக்கு உங்களை நேரில் காட்ட வேண்டும்.