எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை

ஒரு கை அளவுகோலை அழுத்திப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை, ஊசிபோல் சீவிய பென்சிலால், கொள்ளுத் தாத்தாவிலிருந்து கீழே ஒரு கோடு இறக்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பியவர் என்றால் உள்ளே கறுப்பு. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் ‘எங்க பக்கம் இல்லை’க்காரர். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் நிச்சயம். குழந்தை கணக்கில் முதலாவதாக வந்தால் எங்கள் பக்கம். சுவரில் கிறுக்கினால் அந்தப் பக்கம். வழுக்கை, சர்க்கரை, குறட்டை, முன்கோபம் எல்லாவற்றையும் வேலிக்கு அப்பால் தள்ளிவிட்டு, இந்தப் பக்கத்தில் நல்ல பல்வரிசையை மட்டும் வைத்துக்கொள்வார்.

நம்மவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் எல்லைத் தகராறுகளைத் தீர்த்த கை சும்மா இருக்குமா? அண்ணனுக்கு வந்திருப்பது வெறும் மறதி இல்லை, நோய் என்று டாக்டர் சொன்னதும் அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. “இது எந்தப் பக்கத்திலேருந்து வந்தது?” என்று கேட்டார்.

அண்ணி கேட்டது வேறு. “ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து அவரோட உக்காந்துக்கிறீங்களா தம்பி? வாரத்துல ஒரு நாளாவது நான் தூங்கணும்.”

அண்ணனுக்கு அலமாரி மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவளுக்குத் தலையணை கொடு என்று மனைவியை எழுப்பிக்கொண்டே இருக்கிறார்.

“வர்றேன் அண்ணி. இந்தப் படத்தை முடிச்சிட்டு வந்துடறேன்.”

ஞாயிறுகள் போயின. படம் வளர்ந்தது. அதற்குள் அவர் செல்போனைப் பார்த்தே மூளையையும் அளந்து முடித்திருந்தார். அமிலாய்டு என்ற புரதம் மூளைச் செல்லுக்கு வெளியே படிகிறதாம்: ஆக்கிரமிப்பு. டௌ என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள்ளேயே சிக்கலாகிறதாம்: உள்வீட்டுத் தகராறு. சைநியூக்ளின் என்ற மூன்றாவது உருண்டு திரள்கிறதாம். இவற்றை எல்லாம் செத்துப்போனவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். விருந்துக்குப் போன வீட்டில் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்ட பெரியப்பாவுக்கு டௌ. வந்தவர்களை எல்லாம் திட்டிய அத்தைக்கு மூளையின் முன்பகுதிக் கோளாறு.

“அத்தை ஆறு வயசிலேருந்தே திட்டுவாங்களாம்,” என்றாள் நம்மவர் மனைவி.

“ஆரம்ப அறிகுறி,” என்றார்.

ஆனால் ஓரிடத்தில் பென்சில் நின்றது. அண்ணனும் தானும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள். இரண்டு பக்கமும் எங்கள் பக்கம். என்ன செய்வது? ஒருவரை வெளியே தள்ளித்தான் ஆகவேண்டும். பெற்ற அம்மாவையே தள்ளினார்.

“சின்னம்மா கடைசியில தன் வீட்டையே மறந்துட்டாங்க இல்லையா? அப்ப இது அம்மா வழிதான். அண்ணன் அம்மா ஜாடை. நான் அப்பா ஜாடை. என் மூக்கைப் பாரு.”

“மூக்கு அப்பாதுதான். நேத்து அடுப்புல பாலை வச்சிட்டு மொட்டை மாடிக்குப் போனது யாரு?”

“அது வேற. நான் வேலையா இருந்தேன்.”

இதுதான் இந்த இனத்தின் முதல் சட்டம். அடுத்தவர் மறந்தால் மரபணு. தான் மறந்தால் வேலை மும்முரம். சிரிக்காதீர்கள். பால் பொங்கிய அன்று அவர் அடுப்பை மூன்று தடவை துடைத்தார். பயந்தவன் கையில் அளவுகோல் கிடைத்தால் அம்மாவுக்குக்கூட வேலி போடுவான்.

அடுத்த முறை அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு, சுருட்டிய படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டாக்டரம்மாவிடம் போனார். மேசையில் விரித்து நான்கு மூலையிலும் டாக்டரம்மாவின் பேனா, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் பாரம் வைத்தார்.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். “கோடு பிரமாதம், சார். ஆனா இது முகஜாடை பார்த்துப் பிரியறதில்ல. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி, எல்லாருக்கும் அப்படித்தான். சில மரபணு ரகம் இருந்தா வாய்ப்பு கூடும். இருந்தும் வராம வாழ்ந்தவங்க உண்டு, இல்லாமலே வந்தவங்களும் உண்டு. அண்ணனுக்கு இல்லாத ஆள் தெரியறதைப் பார்த்தா சைநியூக்ளின்னு தோணுது. பல பேருக்கு ரெண்டு மூணு புரதம் கலந்தே கிடக்கும். அத்தனைக்கும் எல்லை பிரிக்க முடியாது.”

“பிரிக்கலாம். துல்லியமா அளந்தா...” என்று இவர் தொடங்குவதற்குள், அண்ணன் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலால் ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே வந்தார். கறுப்பு அடித்த தன் சதுரத்தில் விரல் நின்றது.

“எல்லாரையும் போட்டிருக்கே. நீ எங்கேடா?”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கொள்ளுத் தாத்தாவின் இரண்டாவது மனைவிகூட இருந்தாள். இவர் இல்லை.

“இடம் பத்தலைண்ணே.”

அண்ணன் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தையே குடிவைக்கலாம், அவ்வளவு வெள்ளை.

அண்ணி சொன்னாள்: “அலமாரி மேல இல்லாத பொண்ணும் இவருக்குத் தெரியுது. இல்லாத தம்பியும் தெரியுது.”

நம்மவர் பென்சிலை எடுத்தார். அளவுகோல் இல்லாமல், கையாலேயே ஒரு சதுரம் வரைந்தார். கோணல். உள்ளே எதுவும் அடிக்கவில்லை. படத்தைச் சுருட்டி, டாக்டரிடம் அல்ல, அண்ணியிடம் நீட்டினார்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் அண்ணி?”

“காலையிலேயே வாங்க. தலையணை ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அந்தப் பொண்ணுக்கு.”

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சரி. நடுவில் எங்கோ உங்கள் வீட்டு மறதிக்காரர்களும் மனதில் வந்துபோனார்களே, அவர்களை எந்தப் பக்கம் நிறுத்தினீர்கள்? உங்களை எங்கே வரைந்தீர்கள்?

இந்தாருங்கள் பென்சில்.