இடுப்பளவும் அளவில்லாச் சாப்பாடும்

ஒரு திங்கக்கிழமை காலைல கடை ஷட்டரைத் தூக்கக் குனிஞ்ச மாஸ்டர், திரும்ப நிமிர்றதுக்குள்ள ஒரு மகத்தான முடிவுக்கு வந்துட்டாரு. அவர் குனிஞ்சு நிமிர அவ்வளவு நேரமாகும். அதுக்குள்ள யாரு வேணும்னாலும் எந்த முடிவுக்கு வேணும்னாலும் வந்துடலாம்.

முடிவு இதுதான். எதிர்க் கட்டடத்து மூணாவது மாடியில புதுசா ஒரு பஃபே ஓட்டல் திறந்திருக்கு. வர்ற கல்யாண நாளைக்கு சம்சாரத்தோட அங்க போகணும். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, 'போதும்'னு சொல்ல ஆளில்லாம சாப்பிடணும்.

மாஸ்டர்னா பள்ளிக்கூட மாஸ்டர் இல்ல, தையல் மாஸ்டர். ரோட்ல ஒருத்தர் எதிர்ல வந்தா மத்தவங்க முகத்தைப் பாப்பாங்க, இவரு இடுப்பைப் பாப்பாரு. "முப்பத்தாறரை"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்ட பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேப்பாரு. இப்படி அளவு அளவுன்னு அளந்தே தேஞ்ச மனுஷன் கண்ணு முன்னாடி, எதிர் மாடியில கொட்டை எழுத்துல ஒரு போர்டு: 'அளவில்லாச் சாப்பாடு'. தேஞ்சதுன்னு பேச்சுக்குச் சொல்றதுதான். உடம்புல தேஞ்சது செருப்பு மட்டும்தான்.

மத்தியானம் பன்னிரண்டு அடிச்சா போதும். வறுத்த கோழி வாசனை ரோட்டைத் தாண்டி, கடைக்குள்ள நுழைஞ்சு, தையல் மிஷின் மேல உக்காந்துக்கும். சொன்னாலும் எழுந்து போகாது.

ஒரே சிக்கல், சம்சாரம். அவங்களும் கடையிலதான் வேலை பாக்கறாங்க. காஜா எடுக்கறது, பட்டன் கட்டறது, ஓரம் அடிக்கறது எல்லாம் அவங்கதான். அவங்க கட்டின பட்டன் அறுந்ததா சரித்திரம் கிடையாது. சட்டை கிழியும், பட்டன் நிக்கும்.

போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தாரு: "எடையைக்கூட அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இடுப்பு. நாப்பத்திரெண்டு நாப்பதாகணும்." சொன்னது மாஸ்டர்கிட்ட. கேட்டுக்கிட்டது சம்சாரம்.

"என்னங்க, அந்த ஓட்டலையே பாத்துக்கிட்டிருக்கீங்க. போணுமா?"

"போணும்னு இல்ல... கல்யாண நாளாச்சேன்னு..."

"போலாம்."

மாஸ்டர் கையிலிருந்த கத்திரி துணியை விட்டுட்டு மேஜையை வெட்டிச்சு.

"நெசமாவா?"

"நெசமாத்தான். இன்னும் ஆறு வாரம் இருக்கு. இடுப்பு நாப்பதானா போலாம். அங்க நீங்க மலையை முழுங்கினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"ஆகலைன்னா?"

"பார்க்குக்குப் போலாம். எட்டு சுத்து. கைகோத்துக்கிட்டே நடப்போம்."

"வாரா வாரம் அளப்பியா?"

"எதுக்கு? கல்யாண நாளுக்கு முதல் நாள் ஒரே ஒரு தடவை அளப்பேன். அதுவரைக்கும் உங்க மேல நம்பிக்கைதான்."

திட்டினா வாங்கிட்டுப் போயிடலாம். சந்தேகப்பட்டா சண்டை போடலாம். நம்பிக்கை வச்சா மனுஷன் என்னதான் செய்யறது?

முதல் வாரம் மாஸ்டர் ஒழுங்கா இருந்தாரு. காலைல ஓட்ஸ். சுவத்துல தடவினா போஸ்டர் நிக்கும், அந்தப் பதம். மத்தியானம் வேகவச்ச பீன்ஸ். சாயந்தரம், மத்தியானம் மிச்சமான பீன்ஸ்.

ரெண்டாவது வாரம் பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் ஒரு பொட்டலத்தோட எட்டிப் பாத்தாரு.

"அண்ணே, க்ரீம் பன். பாதி தரட்டா?"

"வேண்டாம்ப்பா. விரதம் மாதிரி இருக்கேன்."

"பாதிதாண்ணே."

மாஸ்டர் பன்னைப் பாத்தாரு. வாசலைப் பாத்தாரு. சம்சாரம் நூல் வாங்கப் போயிருந்தாங்க.

"எந்தப் பாதி?"

அன்னிலேர்ந்து தினம் நாலு மணிக்கு அந்தக் கடையில ஒரு பன்னுக்கு நாலு பாதி இருந்தது.

ஆறு வாரம் ஓடிப் போச்சு. வெள்ளிக்கிழமை, சம்சாரம் வீட்டுக்குக் கிளம்பின பிறகு மாஸ்டர் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, டேப்பை எடுத்துத் தன் இடுப்பைத் தானே அளந்தாரு. ரிப்பேர்காரர் குனிஞ்சு படிச்சாரு.

"நாப்பத்திரெண்டேகால். அண்ணே, கால் இஞ்ச் கூடியிருக்கே!"

"அது மூச்சுப்பா."

"அப்ப மூச்சை விட்டுட்டு அளங்க."

"விட்டுட்டுத்தான்யா அளந்தேன்!"

ரெண்டு பேரும் எதிர் மாடியைப் பாத்தாங்க. நாளன்னிக்கு மத்தியானம் அங்க ரெண்டு சீட்டுக்கு மாஸ்டர் சொல்லியும் வச்சாச்சு. ஜன்னலோரம், கோழிக்குப் பக்கம்.

"அண்ணே, எங்கிட்ட ஒருத்தர் வருவாரு. தினம் ஆபீசுக்கு லேட்டு. என்ன செஞ்சாரு தெரியுமா? சீக்கிரம் கிளம்பினாரா? இல்ல. வாட்சைப் பத்து நிமிஷம் பின்னாடி தள்ளி வைக்கச் சொன்னாரு."

"அப்புறம்?"

"வேலை போயிடுச்சு. ஆனா போற வரைக்கும் நிம்மதியா இருந்தாருண்ணே."

மாஸ்டர் அதுல 'வேலை போயிடுச்சு'ங்கறதைக் காதுல வாங்கல. 'நிம்மதி'யை மட்டும் வாங்கிக்கிட்டாரு.

இடுப்பைத்தானே குறைக்க முடியல? டேப்பைக் கூட்டலாமே!

ஒரே மாதிரி ரெண்டு டேப்பை எடுத்தாரு. ஒண்ணுலேர்ந்து பத்தொன்பதுக்கும் இருபத்தொண்ணுக்கும் நடுவுல இருக்கற ரெண்டு இஞ்ச் துண்டை வெட்டினாரு. இன்னொண்ணை இருபத்தொண்ணுல வெட்டி, அந்தத் துண்டை நடுவுல வச்சுத் தைச்சாரு. இப்ப அந்த டேப் எப்படிப் போகுது? இருபது, இருபத்தொண்ணு, மறுபடியும் இருபது, இருபத்தொண்ணு, அப்புறம் இருபத்திரெண்டு. இடுப்பைச் சுத்திப் பிடிச்சா ஒட்டுப் போட்ட இடம் சரியா முதுகுப் பக்கம் போயிடும். முன்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. நாப்பத்திரெண்டு நாப்பதாயிடும். கால் இஞ்சுக்கு மூச்சைப் பிடிச்சுக்கலாம்.

அவரு வாழ்க்கையில அவ்வளவு நுணுக்கமா ஒரு தையல் போட்டதே இல்ல. கண்ணுல ஒத்திக்கலாம். யார்கிட்டயும் காட்ட முடியலையேன்னுதான் வருத்தம்.

சனிக்கிழமை காலைல, வீட்டுக் கண்ணாடி முன்னாடி அளவெடுப்பு.

"இது என்ன டேப்? பழசு எங்க?"

"அது இழுத்துப் போச்சும்மா. அளவு விஷயத்துல நேர்மையா இருக்கணும் பாரு."

"சரி, திரும்புங்க."

"வேண்டாம், வேண்டாம்! முன்னாடி நின்னே அளந்துடு."

"ஏன்?"

"பின்னாடி நின்னா... கூச்சமா இருக்கு."

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சா?"

சம்சாரம் முன்னாடி நின்னே டேப்பைப் பிடிச்சாங்க. மாஸ்டர் மூச்சைப் பிடிச்சாரு. கண்ணாடியில ஒரு முகம் தக்காளி மாதிரி சிவந்துக்கிட்டிருந்தது.

"அட! நாப்பது!" சம்சாரம் கன்னத்துல கை வச்சுக்கிட்டாங்க. "அசல் நாப்பதுங்க!"

மாஸ்டர் மூச்சை விட்டாரு. காலண்டர் ஆடிச்சு.

சம்சாரம் டேப்பை விரல்ல மெதுவா, ஒவ்வொரு இஞ்சா சுத்தி எடுத்து வச்சாங்க. "நீங்க கடைக்குப் போங்க. எனக்கு இன்னிக்கு வீட்ல கொஞ்சம் மிஷின் வேலை இருக்கு."

ஞாயித்துக்கிழமை மாஸ்டர் காலைல தண்ணி கூடக் குடிக்கல. வயித்துல ஒரு மூலையைக்கூட வீணாக்கறதா இல்ல. குளிச்சு, தலை வாரி, சாம்பல் கலர் பேன்ட்டை எடுத்து மாட்டினாரு. பேன்ட் தொடை வரைக்கும் நட்பா வந்தது. அதுக்கு மேல பகையாயிடுச்சு.

"ஏம்மா! இந்தப் பேன்ட் சுருங்கிடுச்சு போலிருக்கே!"

சம்சாரம் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. "சுருங்கல. நான்தான் பிடிச்சேன். ரெண்டு இஞ்ச் இளைச்சவரு தொளதொளன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்? அதான் நேத்து உக்காந்து ரெண்டு இஞ்ச் பிடிச்சுத் தைச்சுட்டேன்."

மாஸ்டர் பீரோவைத் திரும்பிப் பாத்தாரு.

"அப்ப... அந்தக் கறுப்பு?"

"அதையும் பிடிச்சிட்டேன்."

"பழுப்பு?"

"நேத்து நீங்க கழட்டிப் போட்டதையும் சேத்து ஏழு பேன்ட்டும் ஆச்சுங்க. சின்ன வேலையா? முதுகு போச்சு."

"பைஜாமாவோட போனா என்னம்மா? எலாஸ்டிக் வச்சது... காத்தோட்டமா..."

"நல்ல நாளும் அதுவுமா பைஜாமாவா? ஏங்க, இடுப்பு நாப்பதுதானே?"

இப்ப உண்மையைச் சொன்னா ஓட்டல் போயிடும். சொல்லலைன்னா மூச்சு போயிடும். மாஸ்டர் ஓட்டலை வச்சுக்கிட்டு மூச்சை விட்டுடறதுன்னு முடிவெடுத்தாரு. கட்டில்ல மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி, பல்லைக் கடிச்சு, பட்டனைப் போட்டாரு. எழுந்திருக்க முடியல. சம்சாரம் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து, பலகை மாதிரி நிமித்தி வச்சாங்க. "கச்சிதமா இருக்குங்க"ன்னாங்க.

ஓட்டல்! ஒரு பக்கம் வறுத்த கோழி, ஒரு பக்கம் பொரிச்ச மீன். அந்தாண்ட நூடுல்ஸ், இந்தாண்ட சுடச்சுட ரொட்டி. நடுவுல கேக், புட்டிங், ஐஸ்கிரீம்னு ஒரு தனி ராஜாங்கம். ஆறு வாரமா மூக்கு மட்டும் போய்ட்டு வந்த இடத்துக்கு இன்னிக்கு மாஸ்டர் முழுசா வந்துட்டாரு. வந்து என்ன? நாற்காலி நுனியில சாய்ச்சு வச்ச ஏணி மாதிரி உக்காந்திருந்தாரு.

நாலு ஸ்பூன் சூப் போச்சு. அஞ்சாவது தொண்டையிலேயே நின்னு 'கீழ இடமிருக்கா?'ன்னு கேட்டுது. இல்ல.

சம்சாரம் மூணாவது தட்டோட வந்தாங்க. "இந்த மீன் வாயில போட்டா இருக்கற இடமே தெரியலங்க. உங்களுக்கு ரெண்டு வைக்கட்டா?"

"வே... ண்டாம்மா."

"ஏங்க, ஆறு வாரமா இதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க!"

பரிமாறற அம்மா ஓடி வந்தாங்க. "என்ன சார், ஒண்ணுமே எடுக்கலையே! சாப்பாடு பிடிக்கலையா?"

"அவரு உடம்பைப் பாத்துக்கறாரு. ஆறு வாரத்துல ரெண்டு இஞ்ச் குறைச்சிருக்காரு!" சம்சாரம் கொஞ்சம் சத்தமாவே சொன்னாங்க.

அவ்வளவுதான். பக்கத்து மேஜையில ஒரு அம்மா, கோழியைக் கோபுரமா அடுக்கி வச்சிருந்த புருஷனைப் பாத்து ஆரம்பிச்சாங்க. "பாருங்க அந்த சாரை! எதிர்ல இவ்வளவு இருந்தும் சூப்போட நிறுத்திட்டாரு. மனுஷன்னா அவரு!" அந்தப் புருஷன் மாஸ்டரைப் பாத்த பார்வை இருக்கே, கையில கோழிக்கால் இல்லாம இருந்திருந்தா அடிச்சே இருப்பாரு.

மாஸ்டருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாதி பசி, பாதி பட்டன். அது அறுந்தாலாவது தேவலாம்னு வயித்தை மெதுவா முன்னாடி தள்ளிப் பாத்தாரு. அசையல. கட்டினது யாரு?

ஸ்பூனைக் கீழ வச்சாரு.

"ஏம்மா... நாப்பத்திரெண்டேகால்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நானும் டேப் பிடிக்கறவதாங்க. இருபத்தொண்ணுக்கு அப்புறம் இருபது வந்தா கண்ணுக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த ஒட்டுத் தையல் பிரமாதம். இந்த மாசம் திரும்பி வந்த அஞ்சு பேன்ட்டுல ஒண்ணையாவது அப்படித் தைச்சிருக்கலாம்."

"அப்ப ஏம்மா நேத்தே கேக்கல?"

சம்சாரம் தட்டைத் தள்ளி வச்சாங்க. "கேட்டா சிரிச்சு மழுப்பிடுவீங்க. நம்ம மாடிப்படியில நடுவுல நின்னு கைப்பிடியைப் பிடிச்சுக்கறீங்க. எனக்குச் சமையல்ரூம்ல கேக்கும். அடுத்த படி சத்தம் வர்ற வரைக்கும் அடுப்பை அணைச்சிட்டு நிப்பேன். தினம் நிக்கறேங்க. எனக்கு உங்க இடுப்பு மேல என்ன கோவம்? நீங்க வேணும், அவ்வளவுதான்."

மாஸ்டர் மேஜைத் துணி ஓரத்தைத் தடவினாரு. ஓரம் கோணலா அடிச்சிருந்தது. அதைக்கூடச் சொல்லத் தோணல.

"தப்புதாம்மா. நாளைலேர்ந்து நெசமாவே நடக்கறேன். பன்னும் கிடையாது."

"பன்னா?"

"...அதை அப்புறம் சொல்றேன். இப்ப மூச்சு விட முடியல."

சம்சாரத்துக்கு மனசு கரைஞ்சுடுச்சு. பக்கத்து நாற்காலியில நெருங்கி உக்காந்தாங்க. பையிலேர்ந்து சின்னக் கத்திரியை எடுத்து, யாருக்கும் தெரியாம, அவரு முதுகுப் பக்கம் கையை விட்டுப் பின் தையலைப் பிரிச்சாங்க. டிக். டிக். டிக்.

ஆஹா! மாஸ்டருக்கு உயிர் வந்தது. வயிறு தன் சொந்த இடத்துக்குக் குடிவந்தது. சூப்பு இறங்கிச்சு. கோழி வாசனை மறுபடியும் பேர் சொல்லிக் கூப்பிட்டுது. கல்யாண நாள், மன்னிப்பும் கிடைச்சாச்சு, ஓட்டல் மூட இன்னும் ஒரு மணி நேரமிருக்கு. நடக்கறதெல்லாம் நாளைக்குத்தானே? காலித் தட்டைக் கையில எடுத்தாரு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரே ஒரு சுத்தும்மா. இன்னிக்கு மட்டும்."

"தாராளமா. ஆனா பாத்து எழுந்திரிங்க. பிரிக்கப் பிரிக்க தையல் போய்க்கிட்டே இருந்தது. சட்டை மறைக்கற இடத்தையும் தாண்டி நாலு விரல் போயிடுச்சு."

மாஸ்டர் பின்னாடி கை விட்டுப் பாத்தாரு. அளந்து பழகின கை. நாலு விரல் இல்ல, ஆறு.

தட்டு மெதுவா மேஜைக்குத் திரும்பிச்சு.

"இருங்க, நான் கொண்டாரேன்." சம்சாரம் போய்ட்டு வந்தாங்க. வெள்ளரிக்கா, கேரட், வேகவச்ச பீன்ஸ், நடுவுல ஒரே ஒரு துண்டு கோழி. கல்யாண நாளாச்சேன்னு ஓரத்துல ஒரு ஸ்பூன் புட்டிங்.

"இவ்வளவுதானாம்மா?"

"பத்தலைன்னா அதோ, அவ்வளவும் அங்கதாங்க இருக்கு. நீங்களே எழுந்து போய் எடுத்துக்குங்க."