வெண்ணாற்றங்கரைப் படலச்சாமி

சம்பா அறுவடை முடிந்தால் தஞ்சாவூர்ச் சீமையில் காசு புழங்கும். காசு புழங்கினால் சாமி முளைக்கும். இந்த ஆண்டு வெண்ணாற்றங்கரையில் முளைத்தவர் படலச்சாமி வீரையன். கண்ணில் ஊதி, இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, வேப்பிலையால் தடவி, விரல் நுனியில் வழவழவென்று ஒரு படலத்தை எடுத்துக் காட்டுவார். அதில் மெல்லிய கோடு ஒன்றும் இருக்கும்.

“ஏவல் வெச்சவன் போட்ட கீறல். நல்லா பாத்துக்குங்க” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முத்துப்பேட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில்கூட அவ்வளவு நீள வரிசை கிடையாது.

அந்த வரிசையில் வானதியும் நின்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவளுடைய அப்பா துரைராசுவுக்கு மறுநாள் கண்புரை ஆபரேஷன். “சாமி நோவாம எடுத்துர்றாரு, கத்தி எதுக்கும்மா?” என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருக்கும் கண்ணையும் இங்கே தொலைத்துவிடுவாரோ என்று மகளும் அவர் கூடவே வந்திருந்தாள்.

“மொதல்ல எனக்கு எடுங்க சாமி” என்று முன்னே உட்கார்ந்தாள். சாமி ஊதினார், தடவினார், எடுத்தார். பார்த்ததும் வானதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குச் சிலிண்டர் பவர். எதைப் பார்த்தாலும் ஒரு பக்கமாக இழுத்தாற்போல் தெரியும். காலையில் போட்டு இரவில் தூக்கி எறிகிற காண்டாக்ட் லென்ஸ்தான் அவளுக்கு. லென்ஸ் கண்ணுக்குள் சுற்றாமல் சரியாக நிற்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்காரன் போடும் கோடுதான் சாமியின் ‘கீறல்’. அவள் போட்டிருந்த லென்ஸோ இன்னும் கண்ணிலேயே இருந்தது.

“ஒண்ண விட்டுட்டீங்க சாமி” என்றவள், கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தன் கண்ணிலிருந்து தானே ஒரு படலத்தை எடுத்தாள். அதே வழவழப்பு. அதே கோடு.

கூட்டம் சாமியைப் பிடித்து உலுக்கும் என்று அவள் நினைத்தாள். நம் ஆட்களா? பின்னால் நின்ற காளியம்மாள் தடாலென்று வானதியின் காலில் விழுந்தாள்.

“வேப்பிலை இல்லாமலே எடுத்துட்டியே தாயீ. எனக்கும் எடும்மா.”

வரிசை அப்படியே வானதி பக்கம் திரும்பியது. சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. தொழிலில் போட்டி வந்துவிட்டதே.

வானதி தலையில் அடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத சின்ன டப்பி ஒன்றை எடுத்துக் காளியம்மாளிடம் நீட்டினாள். “நீங்களே பிரிங்க.”

பிரித்தாள். உள்ளே தண்ணீரில் ஒரு படலம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு.

“இது இன்னும் யாரு கண்ணுக்குள்ளயும் போவல. இதுக்கு எவன் ஏவல் வெச்சான் சாமி?”

சாமி வேப்பிலைக் கொத்தைக் கீழே வைத்தார்.

“சரி, எங்கப்பாவுக்கு எடுங்க. இடுப்புத் துண்ட உதறிட்டு, விரல விரிச்சுக் காட்டிட்டு எடுங்க.”

சாமி அவசரமாக எழுந்தார். துண்டு அவிழ்ந்தது. பொலபொலவென்று டப்பிகள் கொட்டின. அத்தனையும் எவனோ கழித்துக் கட்டிய காலாவதிச் சரக்கு. சாமி உளுந்து வயலை மிதித்துக்கொண்டு ஓடினார்.

துரைராசு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “காலையில எத்தன மணிக்கும்மா ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க?”

“ஏழு மணிக்குப்பா.”

கூட்டம் மட்டும் கலையவில்லை. சாமி உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றி நின்று, அடுத்து யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் உட்கார ஆளுக்கா பஞ்சம்? எதிரே போய் நிற்க நாம் இருக்கிறவரை எவனாவது வந்து உட்காரத்தான் செய்வான்.