நம்பர் இல்லாத நான்கு லொறிகள்

மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, யட்டியாந்தோட்டை பஸாரில் மூட்டை தூக்கி, ஊரே சிரிக்க ஓட்டை லொறி ஒன்று வாங்கினேன். அதை மூன்றாக்கினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளான நான்கு மடுவங்களிலிருந்து தேயிலைக் கொழுந்தைப் பெக்டரிக்கு ஏற்றும் ஒப்பந்தத்தையும் பிடித்தேன். வீட்டைக் கட்டும்போது மேசனுக்கே மட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். (மேசன் இதை ஒப்புக்கொள்வதில்லை.) இத்தனைக்கும் காரணம், நான் யாரையும் நம்பாததுதான். அதனாலேயே ஒருநாள் மானமும் போனது.

2007-ஆம் வருடம். கொழும்பில் ப்ரோகிராம் எழுதும் என் மருமகன் சிவகுமார், எந்த மடுவத்துக்கு எந்த லொறி போக வேண்டும் என்று சீட்டு அடித்துத் தரும் ப்ரோகிராம் ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். அந்த வாரம் கொழுந்து ஒருநாளாவது பிந்தி வந்தால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு என்று பெக்டரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, இது உள்ளுக்குள்ள என்னத்த மறைக்குதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"ஒண்ணுமே மறைக்கல மாமா. லொறின்னா எப்புடி இருக்கணும்னு எழுதி வச்ச அச்சுக்குப் பேரு கிளாஸ். அந்த அச்சுல புதுசா ஒரு லொறிய உண்டாக்குற பகுதி கன்ஸ்ட்ரக்டர்."

"அத நீங்க சொல்றீங்க. அது வாயால சொல்லட்டும்."

பாவம், சொல்லவைத்தார். ரிஃப்ளெக்ஷன் என்று ஒரு வித்தை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமே தன் கிளாஸைத் திறந்து பார்த்து, எத்தனை கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்னென்ன கேட்கும் என்று ஒப்பிக்கும். திரையில் இரண்டு வரி வந்தது. பக்கத்தில் சோதித்துப் பார்க்க வரிக்கொரு பட்டன். முதலாவது, லொறி நம்பரும் டிரைவர் பெயரும் கேட்டது. இரண்டாவது எதையுமே கேட்கவில்லை. அதன் தலையில் 'பிரைவேட்' என்று வேறு போட்டிருந்தது.

எனக்கு மூக்கு வியர்த்தது. வேலைக்கு வராத ஆளுக்குச் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் பெயர் போட்ட தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமாரைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா!

"டிரைவரில்லாத லொறியா? கள்ளப் பேரு போடுறீங்களா மாப்ள?"

"ஐயோ மாமா! சேவ் பண்ணின லொறிய திரும்ப எடுக்கிறப்போ, மொதல்ல வெறுமையா ஒண்ண உண்டாக்கி, அப்புறம் நம்பர் டிரைவரெல்லாம் நெரப்பும். அது உள்வேலை. வெளிய இருந்து கூப்புடக் கூடாதுன்னுதான் பிரைவேட். ரிஃப்ளெக்ஷனால மட்டும் அந்தப் பூட்டத் தொறக்கலாம். நீங்க பட்டனத் தொட்டுறாதீங்க."

தொடாதே என்கிறவனிடம்தான் ஏதோ இருக்கும். மறுநாள் காலை அவரும் என் மகள் வசந்தியும் மாவனல்லைக்குத் துணி எடுக்கப் போன கையோடு அந்த இரண்டாவது வரியின் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கள்ளன் முதல் தட்டிலேயே கதவைத் திறப்பானா? மொத்தம் நான்கு தடவை அமுக்கினேன்.

இதுவரை குறைவாகச் சுமந்த லொறிக்கு முதல் வேலை, இதுதான் ப்ரோகிராமின் சட்டம். ஒருநாளும் எதையும் சுமக்காத, நான் பெற்ற நான்கு வெற்று லொறிகளுக்கும் நான்கு மடுவங்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. நம்பர் இல்லாமல் சீட்டுகள் வந்தன. (மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஓரமாக வைத்தேன்.) தன் நம்பருக்குச் சீட்டு வராமல் வண்டி நகரக்கூடாது என்பது என் கட்டளை. டிரைவர்கள் மூவரும் பலாமரத்தடியில் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மடுவத்துக் கணக்கப்பிள்ளை டெலிபோனில் அலறினார். "முதலாளி, கொழுந்து குமிஞ்சு கெடக்குது! கைய வச்சா சுடுது!"

பின்னாலேயே, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் பெக்டரி டீமேக்கர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "முதலாளி, கோ லொறிய? லொறி எங்க?"

"அந்தா, நாலும் போயிருச்சே சேர்" என்று திரையைக் காட்டினேன்.

"உங்ககிட்ட மூணுதானே இருக்கு?"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மருமகன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "தப்பு என்னோடது சேர். அந்தப் பட்டன வெளிய வச்சது நான்தான்" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டு மணிக்குள்ள வரணும். இல்லாட்டி வேற ஆள்" என்றார் டீமேக்கர்.

நானே ஒரு லொறியில் கிளீனராக ஏறி, சூடான கொழுந்தை இரண்டு கையாலும் உதறிப் பரப்பினேன். ஒரு மடுவத்துக் கொழுந்து சிவந்து வீணானது. மற்ற மூன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர, ஒப்பந்தம் தப்பியது. என் ரகசியம்தான் தப்பவில்லை. "ஒரு தடவ அமுக்கியிருந்தா யாரோன்னு நெனைக்கலாம். நாலு தடவன்னா அது நீங்கதான் அப்பா" என்றாள் வசந்தி.

இன்றும் கல்யாண வீட்டுக்கு யாராவது பிந்தினால், "அப்பாவோட வெத்து லொறியில வாராங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கே மருமகன் அந்தப் பட்டனைப் பிடுங்கிவிட்டு, நம்பரும் டிரைவரும் இல்லாத லொறிக்கு வேலை கிடையாது என்று புதுச்சட்டம் எழுதினார். இப்போது பல பெக்டரிகளில் அந்த ப்ரோகிராம் ஓடுகிறது. முதல் திரையில் அவர் பெயர் மட்டும் மினுங்குகிறது. ஓட்டையைக் கண்டுபிடித்தது யார்? எழுதியவர் பெயருக்குக் கீழே அமுக்கிப் பார்த்தவர் பெயரும் வர வேண்டும். இனிஷியலோடு.